நேப்பிள்ஸ் மாத்ரே அருங்காட்சியகம்: பிரான்செஸ்கோ கிளெமென்டேயின் அறைக்காகவே போகலாம்

இத்தாலிய ஓவியர் பிரான்செஸ்கோ கிளெமென்டேயின் ஓவியங்களைப் புத்தகத்திலும் போன் திரையிலும் பார்த்துவிட்டு, அவ்வளவுதான் என்று ஒதுக்கிவைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேப்பிள்ஸில் மாத்ரே என்று ஒரு சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 2005ல் அது திறக்கப்பட்டபோது, சுவரையும் தரையையும் ஒரே வேலையாகச் சேர்த்து அவர் செய்த ‘ஆவே ஓவோ’ இன்னும் அங்கேயே இருக்கிறது. சுவரோடு சேர்ந்த வேலை என்பதால் வேறு ஊருக்கு வராது. நாம்தான் போகவேண்டும். போகலாம், தாராளமாகப் போகலாம் என்பதுதான் என் தீர்ப்பு. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுவது நல்லது; நான் பார்க்கிற கோணம் அதிலிருந்து வருகிறது. சென்னையில் சுவர் விளம்பரம், கடை போர்டு, சினிமா பேனர் எழுதிப் பிழைத்தவன் நான். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு ஸ்கூல் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித்தருகிறேன். என் வாத்தியார் சுவரில் நூல் அடித்துக் கட்டம் போடுவதைப் பார்த்து வேலை கற்றுக்கொண்டேன். அதனால் எந்த ஓவியத்தைப் பார்த்தாலும், என்ன அர்த்தம் என்று கேட்பதற்கு முன்னால், எதன்மேல் வரைந்திருக்கிறது, எந்த பிரஷ், யார் கை என்றுதான் என் கண் தேடும். மகள் ரோமில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் நேப்பிள்ஸ் வந்துவிடும். கிளெமென்டேயைப் பார்க்கவேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. காரணம் எங்கள் ஊர்தான். 1970களின் பிற்பகுதியில் அவர் மெட்ராஸில் தங்கி, எங்கள் தொழில்காரர்களோடு, அதாவது போர்டு எழுதுகிற பெயிண்டர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்.

கிளெமென்டே பிறந்தது 1952ல், இதே நேப்பிள்ஸில். 1970ல் கட்டிடக்கலை படிக்க ரோமுக்குப் போனார், படிப்பை முடிக்கவில்லை. ரோமில் அவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் அலிகியேரோ பொயெத்தி. உலக வரைபடங்களை ஆப்கானிஸ்தான் பெண்களிடம் கொடுத்துப் பூத்தையலாகத் தைத்து வாங்கினாரே, அவர்தான். 1974ல் இருவரும் சேர்ந்து ஆப்கானிஸ்தான் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டே கிளெமென்டே முதல்முறையாக இந்தியா வந்துவிட்டார். பிறகு மனைவி ஆல்பாவோடு மெட்ராஸில் தங்கி, அடையாறு தியாசபிகல் சொசைட்டி நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். 1980களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறினார். 1984ல் நியூயார்க் ஓவியர்களான ஆண்டி வார்ஹோல், ழான் மிஷேல் பாஸ்கியா ஆகியோரோடு ஒரே கேன்வாஸைக் கைமாற்றிக் கைமாற்றி வரைந்தார். 1999ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் வேலைகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தது. அப்படிப் பல ஊர் சுற்றிய ஒருவர், பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, இடிக்காமல் பெயர்க்க முடியாத ஒரு வேலையைச் செய்துவைத்திருக்கிறார். மாத்ரேவுக்குப் போக எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அருங்காட்சியகம் லூயிஜி செத்தெம்ப்ரீனி தெருவில் இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் ‘மூஸெயோ’ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். தெரு குறுகல், துணி உலர்த்தும் பால்கனிகள், ஸ்கூட்டர் சத்தம், தெருமுனையில் மாதா படம் வைத்த சின்னக் கண்ணாடி மாடம். பழைய தொன்னாரெஜீனா மாளிகையைப் போர்ச்சுகல் கட்டிடக்கலைஞர் ஆல்வரோ சீஸா மாற்றியமைத்திருக்கிறார். உள்ளே போனதும் வெளிச் சத்தம் அடங்கிவிடுகிறது. எல்லாம் வெள்ளைச் சுவர். ஜன்னல்களின் அளவும் இடமும் கணக்குப் பார்த்து வைத்தவை; வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று யோசித்துக் கட்டிய கட்டிடம். நுழைவில் பிரெஞ்சுக் கலைஞர் தானியேல் பூரனின் வண்ணப் பட்டைகளும் கண்ணாடியும் வரவேற்கின்றன. டிக்கெட் 8 யூரோ. நான் பார்த்த மற்ற ஐரோப்பிய அருங்காட்சியகங்களோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு.

இங்கே ஒவ்வொரு கலைஞருக்கும் ஒரு அறை என்று கொடுத்து, அந்த அறைக்கென்றே வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் படங்களை மாட்டிவைத்த கூடம் மாதிரி இல்லை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் குடியிருக்கிறார். அனிஷ் கபூரின் அறையில் தரையில் ஒரு கறுப்புச் செவ்வகம். அது பள்ளமா, பூசிய கறுப்பா என்று கண்ணுக்குத் தெரியாமல் குனிந்து குனிந்து பார்க்கவேண்டியிருக்கிறது. யான்னிஸ் கூனெல்லிஸின் அறையில் பெரிய கப்பல் நங்கூரம். கிளெமென்டேயைப் பார்ப்பதற்கு முன்னால் கூனெல்லிஸைப் பார்ப்பது நல்லது. கிளெமென்டே தலையெடுத்த காலத்தில் இத்தாலியில் கோலோச்சியது கூனெல்லிஸ் வழிதான்: கயிறு, நிலக்கரி, இரும்பு, மூட்டை. 1969ல் ரோமில் ஒரு காட்சிக்கூடத்தில் உயிருள்ள 12 குதிரைகளைக் கட்டிவைத்தவர் அவர். கேன்வாஸில் மனித முகம் வரைகிறேன் என்று ஒரு இளைஞன் சொன்னால் பழசாய்ப் போனவன் என்று பார்த்த காலம். 1979ல் விமர்சகர் அகிலே பொனித்தோ ஒலீவா, மறுபடி ஓவியத்துக்குத் திரும்பிய ஐந்து பேரை ஒரு பெயரில் சேர்த்தார். டிரான்ஸ்அவங்வார்தியா என்பது அந்தப் பெயர். ஸாந்த்ரோ கியா, என்ட்ஸோ குக்கி, நிக்கோலா தெ மரியா, மிம்மோ பலதீனோ, கிளெமென்டே. அடுத்த ஆண்டு வெனிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் அவர்களைக் காட்டினார். இத்தாலியின் புது எக்ஸ்பிரஷனிசம், அதாவது உணர்ச்சியை முன்னால் வைத்து வரைகிற பாணி, என்று உலகம் சொல்வது இந்த ஐவரைத்தான்.

எக்ஸ்பிரஷனிசம் என்றதும் நமக்கு அலறல் நினைவுக்கு வரும். கத்தியால் அப்பின பெயிண்ட், கோணிய வாய், கிழிந்த வண்ணம். ஜெர்மன்காரர்களிடம் அது உண்டு. கிளெமென்டேயிடம் அந்தச் சத்தம் இல்லை. கோடு மெலிசு. நிறத்தை அடிக்காமல் தடவுகிறார். முகங்கள் அமைதியாக, கண்ணைப் பெரிதாகத் திறந்து நம்மைப் பார்க்கின்றன. ஆனால் அந்த உடம்புக்குள் நடப்பது சாதாரண விஷயம் இல்லை. 1983ல் அவர் வரைந்த ‘பெயர்’ என்ற தன்னுருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண், மூக்கு, வாய், காது என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு குட்டி கிளெமென்டே இருந்து எட்டிப் பார்க்கிறார். 1980ன் ‘இரண்டு ஓவியர்கள்’ படத்தில் இரண்டு ஆண்கள் ஒருவர் முகத்தின் துவாரங்களில் இன்னொருவர் விரலை விடுகிறார்கள். ஒன்பது வாசல் உடம்பு என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது அருவருப்பாகத் தோன்றாது, எனக்குத் தோன்றவில்லை. உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது, வாசலில் நிற்கும் ‘நான்’ யார் என்ற கேள்வியை அவர் சதையை வைத்தே கேட்கிறார். பயமுறுத்துவது அவர் நோக்கம் இல்லை. அவர் எக்ஸ்பிரஷனிசத்தை நான் மதிப்பது இதற்காகத்தான்.

இனி ‘ஆவே ஓவோ’. நேப்பிள்ஸ் கடற்கரையில் காஸ்தெல் தெல் ஓவோ என்று ஒரு கோட்டை இருக்கிறது. கவிஞர் வர்ஜில் மந்திரவாதியும்கூட என்பது இடைக்கால மக்களின் நம்பிக்கை. அந்தக் கோட்டையின் அடியில் அவர் ஒரு முட்டையை ஒளித்துவைத்தார், அது உடைந்தால் ஊரே அழியும் என்பது கதை. அந்த முட்டைக்கு வணக்கம் சொல்கிற தலைப்பு இது. ஊரின் பழைய அடையாளங்களையும் தன் சொந்த அடையாளங்களையும் கலந்து சுவரில் ஃப்ரெஸ்கோவாக, அதாவது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைந்து, தரைக்குப் பீங்கான் ஓடு பதித்திருக்கிறார்.

முதலில் தரையைச் சொல்கிறேன். கதவைத் தாண்டியதும் கால்தான் முதலில் உணர்கிறது. ஆத்தங்குடி ஓடு பதித்த ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழையும்போது தானாகவே நடை மெதுவாகுமே, அந்த மாதிரி ஆகிவிடுகிறது. நேப்பிள்ஸ் வட்டாரத்தில் ஓட்டில் வரைவது பெரிய மரபு. அதே ஊரில் சான்தா கியாரா மடத்தின் முற்றத்தில் 18ஆம் நூற்றாண்டில் தூண்களையும் திண்ணைகளையும் வண்ண ஓட்டால் போர்த்தியிருக்கிறார்கள். கொஞ்சம் தெற்கே வியெத்ரி என்ற கடலோர ஊர் முழுக்கப் பீங்கான் வேலைதான். கிளெமென்டே அந்த மரபைக் கையில் எடுத்து மிதிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார். கேன்வாஸ் என்றால் நாம் எதிரே நின்று பார்ப்போம். இங்கே படத்துக்கு எதிரே என்று ஒரு இடமே இல்லை. எங்கே நின்றாலும் படத்துக்குள்ளேதான் நிற்கிறோம். படச்சட்டம் கிடையாது. கயிறு கட்டித் தள்ளி நிற்கச் சொல்கிற தூரமும் மனசுக்குள் இல்லை. அவர் தன்னுருவங்களில் உள்ளே, வெளியே என்று கேட்ட கேள்வியை, இந்த அறையில் பார்க்க வந்தவரையே உள்ளே நிறுத்திக் கேட்டுவிட்டார்.

அடுத்து சுவர். ஃப்ரெஸ்கோவைப் பற்றித் தொழில்காரனாகக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் குழைத்த நிறத்தை வைக்கவேண்டும். பசை கிடையாது, எண்ணெய் கிடையாது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாக மாறும்போது நிறத்தையும் தன்னோடு சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. நிறம் சுவரின் மேல் இல்லை, சுவரே நிறமாகிவிடுகிறது. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் பூசவேண்டும். பூச்சு காய்ந்துவிட்டால் அப்புறம் நிறம் பிடிக்காது. எனாமலில் கை தவறினால் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவோம். ஃப்ரெஸ்கோவில் தவறினால் பூச்சையே கொத்தி எடுக்கவேண்டும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற நிறம் காய்ந்ததும் வெளுக்கும். அதையும் முன்கூட்டியே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வைக்கவேண்டும்.

இப்படி ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கிறவர் யோசித்து யோசித்து அழித்து எழுதுகிறவராக இருக்க முடியாது. கிளெமென்டேயின் கோடு எப்போதுமே ஒரே இழுப்பில் வந்தது மாதிரி இருக்கும். புத்தகத்தில் பார்த்தபோது இது அலட்சியம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சுவருக்கு முன்னால் ஒருமுறை நின்றால் அப்படிச் சொல்லத் தோன்றாது. காத்திருந்து, ஈரம் பதமாக இருக்கிற அந்த நேரத்தில், பயமில்லாமல் இழுத்த கோடு அது. நாங்கள் சாரத்தில் தொங்கிக்கொண்டு மூன்றாள் உயர எழுத்துக்கு வளைவு போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அந்த மூச்சு எனக்கு அங்கே தெரிந்தது. அச்சில் இது வரவே வராது. பளபளப்பான தாளில் ஃப்ரெஸ்கோ வெறும் வெளிறிய படமாகத்தான் தெரியும். நேரில் அந்த வெளிறலுக்கு ஒரு ஆழம் இருக்கிறது. வெளிச்சத்தை எதிரொளிக்காமல் உறிஞ்சிக்கொள்கிறது. கண் கூசாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சுவரில் என்ன கதை ஓடுகிறது என்று கேட்டால் வரிசையாகச் சொல்லமுடியாது. அவர் கதை சொல்கிற ஓவியர் இல்லை. ஒரு உருவம் இன்னொன்றாக மாறப்போகிற நேரத்தில் நிறுத்திவிடுகிறார். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த குறிகளும் இருக்கின்றன, அவருக்கு மட்டும் தெரிந்தவையும் இருக்கின்றன. ஆனால் நேப்பிள்ஸை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனால் இந்த அறை இன்னும் நன்றாகத் திறக்கும். உடம்பைக் கொண்டாடுகிற ஊர் அது. பக்கத்துப் பேராலயத்தில் ஊரின் காவல் புனிதரான ஜென்னாரோவின் உறைந்த ரத்தம் ஆண்டுக்கு மூன்று முறை இளகுவதற்காக ஊரே கூடி நிற்கிறது. செப்டம்பர் 19 அதில் முக்கியமான நாள். தெய் த்ரிபுனாலி தெருவில், செத்த பிறகு பாவம் கழியக் காத்திருக்கிற ‘உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு’ ஒரு கோவில், அதன் அடியில் பெயர் தெரியாத மண்டையோடுகளை மக்கள் சுவீகரித்து வேண்டிக்கொண்ட இடம். தொல்லியல் அருங்காட்சியகத்தில், எரிமலையில் புதைந்துபோன பொம்பெயி நகரத்தின் வீட்டுச் சுவர்கள். அங்கேயும் ஃப்ரெஸ்கோதான், அங்கேயும் கூச்சமில்லாத உடம்புதான். கிளெமென்டேயின் பெரிய கண்களுக்கும் நிர்வாணத்துக்கும் இந்தியாவில்தான் மூலம் என்று எழுதுகிறவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் நடந்து பார்க்கவேண்டும். இந்தியா வருவதற்கு முன்பே இதெல்லாம் அவர் கண்ணில் பட்டு வளர்ந்தவை.

அப்படியானால் மெட்ராஸில் அவர் என்ன கற்றுக்கொண்டார்? என் கணிப்பில், கையைக் கடன் வாங்குவது எப்படி என்பதை. விதையைப் பொயெத்தி போட்டார்; அது முளைத்தது எங்கள் பக்கத்தில். 1980ல் பாண்டிச்சேரி ஆசிரமத்துக் கையால் செய்த தாள்களை எடுத்து, ஒன்றோடொன்று பருத்தித் துணிப் பட்டைகளால் இணைத்து, அதில் குவாஷ் என்ற, தண்ணீரில் குழைக்கிற அடர் வண்ணத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் பெரிய படங்கள் வரைந்தார். ‘நிலவு’ என்ற படம் 12 தாள்கள் சேர்ந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘பசி’ பிலடெல்பியாவில் இருக்கிறது. முன்பு சொன்ன ‘இரண்டு ஓவியர்கள்’ 9 தாள். அந்தத் தாள் எனக்குத் தெரியும். பழைய பருத்தித் துணியை அரைத்துச் செய்வது, ஓரம் பிசிறாக இருக்கும், தண்ணீரைச் சீராக வாங்கும். சுண்ணாம்பு ஈரத்தில் நிறம் இறங்குவதற்கு அடுத்தபடி நிறம் அழகாக இறங்கும் இடம் அதுதான். எங்கள் போர்டு பெயிண்டர்களின் தட்டையான நிறம், வெளிக்கோடு, முகத்தை முன்னால் தள்ளிக் காட்டுகிற துணிச்சல் எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. அதே காலத்தில் ஜெய்ப்பூர்ச் சிற்றோவிய மரபில் பயின்ற இளைஞர்களோடு சேர்ந்து பழைய தாளில் 24 சிறு ஓவியங்கள் செய்தார். 1984ல் ஜப்பானில் கியோத்தோவின் மரக்கட்டை அச்சுக்காரர்கள். பல வருடம் கழித்து ராஜஸ்தானில் கூடாரம் தைப்பவர்கள், துணியில் அச்சடிப்பவர்கள். அந்த வண்ணக் கூடாரங்களை 2015ல் அமெரிக்காவில் மாஸ் மோகா அருங்காட்சியகத்தில் நிறுத்தினார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் கைவேலை எது என்று பார்த்து அதன் வழியாகப் பேசுகிறார். ‘ஆவே ஓவோ’வில் சொந்த ஊரின் ஓட்டையும் சுண்ணாம்பையும் அவர் எடுத்ததும் அதே வழியில்தான்.

சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 1986லிருந்து 1993 வரை, கவிஞர்களின் எழுத்தை உள்ளங்கை அளவு புத்தகங்களாக அவரும் ரேமண்ட் ஃபோய் என்பவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். ஹனுமான் புக்ஸ் என்று பெயர். நியூயார்க்கில் தொகுத்து, அச்சடித்தது மெட்ராஸில், கலாக்ஷேத்ரா அச்சகத்தில், நாச்சியப்பன் மேற்பார்வையில். கோவில் வாசலில் விற்கிற ஸ்தோத்திரப் புத்தக அளவு. மீனவர்கள் கையால் தைத்துக் கட்டிய பிரதிகள் அவை என்று பதிவாகியிருக்கிறது. இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

எனக்கு ஆறாத ஒரு விஷயம் இங்கேதான். நாச்சியப்பன் பெயராவது இருக்கிறது. தைத்தவர்களின் பெயர் இல்லை. மெட்ராஸில் அவரோடு வேலை செய்த போர்டு பெயிண்டர்களின் பெயர்களை நான் படித்த எந்தக் கட்டுரையிலும் காணவில்லை. “உள்ளூர் விளம்பரப் பலகை ஓவியர்கள்” என்ற ஒரே வரியில் அவர்கள் முடிந்துபோகிறார்கள். நாங்கள் எழுதிய ஒவ்வொரு சுவரின் மூலையிலும் சின்னதாக ‘ஆர்ட்ஸ்’ என்று முடிகிற ஒரு பெயரைப் போடுவோம். கூலி குறைவானாலும் அந்த மூலை எங்களுடையது. ஒரு கலைஞர் கையைக் கடன் வாங்குவது தவறே இல்லை. தஞ்சாவூரிலோ நேப்பிள்ஸிலோ பெரிய வேலை எதுவும் ஒரு ஆள் செய்ததில்லை. ஆனால் கடன் கொடுத்தவர் பெயர் எழுதப்படவேண்டும். அந்தப் பெயர்களை யாராவது இன்னும் தேடலாம். அந்தத் தலைமுறை பெயிண்டர்களில் சிலராவது இருப்பார்கள். மயிலாப்பூர், திருவான்மியூர், அடையாறு பக்கம் வயசான பெயிண்டர்களைத் தெரிந்தவர்கள் கேட்டுப் பாருங்கள் என்று இந்த இடத்தில் வேண்டிக்கொள்கிறேன்.

அவர் வேலை எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். நியூயார்க் போன பிறகு வரைந்த பெரிய எண்ணெய் ஓவியங்களில் சிலவற்றில் கோடு தளர்ந்திருக்கிறது. அளவு பெரிதானதற்கு ஏற்ற கனம் இல்லை. தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைவதில் ஒரு கட்டத்துக்கு மேல் புதிதாக எதுவும் வரவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. மனைவி ஆல்பாவை வரைந்த ஓவியங்கள் அப்படி இல்லை; 1997ல் சிவப்பு உடையில் படுத்த நிலையில் அவரை வரைந்தது, படச்சட்டத்துக்குள் ஒருவரை மடக்கிவைத்தது மாதிரி, இன்னும் என்னைப் பிடித்துவைத்திருக்கிறது. தாள், சுண்ணாம்பு, துணி என்று எதிர்த்து நிற்கிற ஒரு பொருள் கிடைக்கும்போது அவர் உச்சத்தில் இருக்கிறார். எண்ணெய் வண்ணம் அவருக்கு ரொம்பவும் இடம் கொடுத்துவிடுகிறது. இது என் சொந்த அபிப்பிராயம். வாட்டர்கலர் பழகியவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். அறைக்குள் போனதும் போனை வெளியே எடுக்காதீர்கள். முதலில் தரையைப் பாருங்கள், பிறகு சுவரோரமாக ஒரு சுற்று நடங்கள், கடைசியாக நடுவில் வந்து நில்லுங்கள். முடிந்தால் காலையில் திறந்த கையோடு போங்கள், ஆள் குறைவு. பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: உடம்பை மறைக்காமல் வரைகிற ஓவியர் அவர், ஆனால் ஆபாசம் இல்லை. என் பேத்தி தரையில் உள்ள உருவங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். பெரியவர்களைவிட அவளுக்குத்தான் அங்கே வேலை அதிகம் இருந்தது. மேல்தளத்தில் மொட்டைமாடிக்குப் போக முடிந்தால் போங்கள். பலதீனோவின் குதிரைச் சிற்பம் அங்கே நிற்கிறது.

மாத்ரேவை ஒட்டியே சான்தா மரியா தொன்னாரெஜீனா வெக்கியா என்ற பழைய கோவில் இருக்கிறது. அதற்குள் ஓவியர் பியெத்ரோ கவல்லீனியும் அவர் பட்டறையும் 14ஆம் நூற்றாண்டில் செய்த ஃப்ரெஸ்கோக்கள். எப்போதும் திறந்திருக்காது, திறந்திருக்கிற நாள் வாய்த்தால் விடாதீர்கள். ஒரே தொழில், ஒரே சுண்ணாம்பு, நடுவில் ஏறத்தாழ 700 வருடம்.

டிரான்ஸ்அவங்வார்தியா ஐவரில் மற்றவர்களைப் பார்க்க இந்த ஊரில் தனி டிக்கெட் தேவையில்லை. மெட்ரோ முதல் தடத்தில் ஏறினால் போதும். தாந்தே நிலையத்தில் நிக்கோலா தெ மரியா. கட்டிடக்கலைஞர் கே அவுலென்தி வடிவமைத்த நிலையம் அது. அடுத்தது மூஸெயோ, மாத்ரேவுக்கு இறங்குமிடம். அதற்கடுத்த மாத்தெர்தெயில் ஸாந்த்ரோ கியா. அதற்கும் அடுத்த சால்வத்தோர் ரோஸாவில் குக்கியும் பலதீனோவும். வரிசையாக நான்கு நிலையம், மெட்ரோ டிக்கெட் செலவுதான். காலை நேரக் கூட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் நின்று பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நான்கையும் பார்த்துவிட்டு மாத்ரேவுக்குப் போனால், அந்த ஐவரில் கிளெமென்டே எங்கே விலகி நிற்கிறார் என்பது யாரும் சொல்லாமலே புரியும்: மற்றவர்கள் நிறத்தையும் உருவத்தையும் சுவரில் ஏற்றுகிறார்கள், அவர் நம்மைச் சுவருக்குள் இழுக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மட்டும் திட்டம் போடாதீர்கள். அன்று மாத்ரேவுக்கும் விடுமுறை, தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் பொம்பெயி சுவர்களைக் காலையிலும் கிளெமென்டேயைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் நடந்துபோகிற தூரம்தான். கூட்டம் வேண்டாம் என்றால் வரிசையை மாற்றி, மாத்ரேவைக் காலையில் பார்த்துவிடுங்கள். பொம்பெயி சுவர்களுக்கு எந்த நேரம் போனாலும் கூட்டம் இருக்கும்.